ஜார்ஜ் ரேனர்: உலகக் கோப்பை இறுதிவரை சென்ற மூன்றாம் டிவிஷன் ஆட்டக்காரர்

கேள்வி இதுதான்: 1958ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு ஸ்வீடன் அணியைக் கொண்டுசென்ற ஜார்ஜ் ரேனர் ஓர் ஆங்கிலேயர், அப்படியிருந்தும் அவருடைய சொந்த நாட்டில் அவருக்குப் பெரிய கிளப் எதுவும் வேலை தராதது ஏன், அந்த நிலை பிற்காலத்தில் மாறியதா? வழக்கமாகச் சொல்லப்படும் விடை, ஒரு மேதையை இங்கிலாந்து கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது என்பது. அதில் உண்மை உண்டு என்றாலும் பாதி உண்மைதான். ரேனர் ஸ்வீடனில் ஏன் வென்றார் என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டால், இங்கிலாந்தில் அவருக்கு இடமில்லாமல் போனதற்கான காரணமும் அதிலிருந்தே விளங்கிவிடும் என்பது என் கருத்து. ஆகையால் முதலில் அவருடைய வாழ்க்கையை வரிசையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1907 ஜனவரியில், யார்க்ஷயரில் பார்ன்ஸ்லி நகரை ஒட்டிய ஹாய்லண்ட் என்ற ஊரில் ரேனர் பிறந்தார். அது நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த பகுதி. உள்ளூர் அணிகளில் வலது விங்கில் (களத்தின் வலது ஓரத்தில்) ஆடத் தொடங்கி, ஷெஃபீல்டு யுனைடெட் கிளப்பில் சேர்ந்தார். அப்போது உச்ச நிலையான முதல் டிவிஷனில் இருந்த அந்த அணியின் ஆடும் பதினொருவரில் அவருக்கு இடம் கிடைப்பது அரிதாகவே இருந்தது. அங்கிருந்து மான்ஸ்ஃபீல்டு டவுன், ரோதரம் யுனைடெட், பரி, ஆல்டர்ஷாட் என்று 1930களில் கிளப் கிளப்பாக மாறினார். இவற்றில் பரி மட்டுமே இரண்டாம் டிவிஷன். மற்றவை மூன்றாம் டிவிஷனின் வடக்கு, தெற்குப் பிரிவுகளைச் சேர்ந்தவை. இங்கிலாந்து தேசிய அணியின் பக்கமே அவர் போனதில்லை. செய்தித்தாள்களில் தலைப்பாக வரும் அளவுக்கும் எதுவும் நிகழவில்லை. போர் மூண்டு 1939இல் லீக் போட்டிகள் நிறுத்தப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்திரண்டு. ஆட்டக்காரராக அவருடைய காலம் அத்துடன் ஏறத்தாழ முடிந்துவிட்டது.

அக்காலத்தில் இத்தகைய ஆட்டக்காரரின் நிலை எப்படியிருந்தது என்பதைச் சற்று விளக்க வேண்டும். 1922 முதல் ஒரு வீரருக்குத் தரக்கூடிய உச்சவரம்புச் சம்பளம், ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு 8 பவுண்டு, கோடைக்காலத்தில் 6 பவுண்டு என்று விதிக்கப்பட்டிருந்தது. மூன்றாம் டிவிஷனில் பெரும்பாலோருக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வீரரைத் தன் பட்டியலில் வைத்துக்கொள்ளும் உரிமை கிளப்புக்கு இருந்தது. கிளப் விட்டுத்தந்தால் ஒழிய அவர் வேறு லீக் கிளப்பில் ஆட முடியாது. பயிற்சி என்பது பெரும்பாலும் மைதானத்தைச் சுற்றி ஓடுவதுதான். வாரம் முழுவதும் பந்தைக் கண்ணில் காட்டாமல் வைத்திருந்தால் சனிக்கிழமை வீரர்களுக்குப் பந்தின் மேல் பசி வரும் என்று பல கிளப்களில் உண்மையாகவே நம்பினார்கள். சிறந்த திறமை உள்ளவர் இந்த முறையிலும் தப்பிப் பிழைத்துவிடுவார். நடுத்தரத் திறமை உள்ளவரோ, தன்னைவிட வேகமானவரையும் பலசாலியையும் எதிர்கொள்வதற்கு இடம், நேரம், எதிராளியின் பழக்கம் ஆகியவற்றைக் கணக்கிட்டே ஆக வேண்டும். ரேனரின் கால்பந்து அறிவு அப்படித் தேவையின் பொருட்டு வளர்ந்த அறிவு என்று நான் கருதுகிறேன். பின்னாளில் அவர் அணிகளுக்கு வகுத்த திட்டங்களில் இந்தக் கணக்குப் புத்தி தெளிவாகத் தெரிகிறது.

போர்க்காலத்தில் ராணுவத்தின் உடற்பயிற்சி ஆசிரியராக அவர் இராக் சென்றார். பாக்தாத்தில் மாணவர்களுக்குப் பயிற்சியளித்ததோடு, அங்கே ஓர் இராக்கிய அணியையும் திரட்டிப் போட்டிகளில் ஆடவைத்தார். மொழி தெரியாத இடத்தில், இங்கிலாந்தின் லீக் மரபு எதுவும் பழக்கமில்லாத இளைஞர்களுக்குக் கால்பந்தைத் தொடக்கத்திலிருந்து விளக்க வேண்டிய பணி அது. வெளிநாட்டில் பயிற்சியாளராக இருப்பதற்கு இதைவிடச் சிறந்த முன்தயாரிப்பு வேறு இருந்திருக்க முடியாது. அந்தப் பணியைப் பற்றிய நல்ல பேச்சு, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராக இருந்த ஸ்டான்லி ரௌஸின் காதுக்கு எட்டியது. போர் முடிந்ததும் ரேனர் ஆல்டர்ஷாட்டுக்குத் திரும்பி, அதன் ரிசர்வ் அணியை (முதல் அணிக்கு அடுத்த நிலை அணியை) பார்த்துக்கொள்ளும் சிறிய வேலையில் அமர்ந்தார். 1946இல் ஸ்வீடன் கால்பந்துச் சங்கம் தனக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும் என்று கேட்டபோது ரௌஸ் பரிந்துரைத்த பெயர் ரேனர். ஆல்டர்ஷாட் ரிசர்வ் அணியிலிருந்து நேராக ஒரு நாட்டின் தேசிய அணிக்கு என்பது, இன்றைக்கு யாரும் நம்பாத பதவி உயர்வு.

அவர் போய்ச் சேர்ந்த இடத்தின் தன்மையையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் வெற்றியின் கணிசமான பங்கு அந்த இடத்துக்கு உரியது. ஸ்வீடன் போரில் நடுநிலை வகித்ததால் அங்கே லீக் ஆட்டங்கள் தடைபடவில்லை. ஒரு நல்ல தலைமுறை வீரர்கள் அப்போது முதிர்ச்சி அடைந்துகொண்டிருந்தார்கள்: தீயணைப்புத் துறையில் வேலைபார்த்த குன்னார் நூர்டால், அவரோடு நோர்ஷோபிங் கிளப்பில் ஆடிய நில்ஸ் லீட்ஹோம், யோத்தபோரியின் குன்னார் கிரேன். நோர்ஷோபிங் கிளப்பில் ஹங்கேரியரான லயோஷ் செய்ஸ்லர் ஏற்கெனவே நவீன முறையில் பயிற்சியளித்துக்கொண்டிருந்தார். மேலும், அணியைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ரேனரிடம் இல்லை. அது பூட்டே கொக் தலைமையிலான தேர்வுக் குழுவிடம் இருந்தது. இதனால்தான் ஸ்வீடன்காரர்கள் எழுதும் வரலாற்றில் 1948, 1950ஆம் ஆண்டுகளின் அணியைக் கொக்கின் அணி என்றும், ஆங்கிலேயர்கள் எழுதும் வரலாற்றில் அதையே ரேனரின் அணி என்றும் காண்கிறோம். இரண்டும் தவறில்லை. யார் ஆட வேண்டும் என்பதைக் கொக் முடிவுசெய்தார். எப்படி ஆட வேண்டும் என்பதை ரேனர் கற்பித்தார்.

இந்த வேலைப் பிரிவினை அவருக்கு மிகவும் பொருந்தியது. இங்கிலாந்தில் அன்றைய கிளப் மேனேஜர் என்பவர் இயக்குநர்களைச் சமாளிப்பவர், வீரர்களை வாங்கி விற்பவர், அலுவலகக் கடிதங்களுக்குப் பதில் எழுதுபவர்; மைதானத்தில் இறங்கிக் கற்பிப்பது பல இடங்களில் அவருடைய வேலையாகவே கருதப்படவில்லை. ஸ்வீடனில் ரேனர் செய்ய வேண்டியது கற்பிப்பது மட்டுமே. தேசிய அணிக்கு ஆட்டம் இல்லாத நாட்களில் ஏ.ஐ.கே., ஓட்விதாபெரி போன்ற கிளப்களுக்கும் அவர் பயிற்சியளித்தார். இதனால் நாட்டின் வீரர்கள் யார், எவரிடம் என்ன குறை என்பது அவருக்கு நேரடியாகத் தெரிந்தது. அவரிடம் வந்த வீரர்களும் வேறு வேலை பார்த்துக்கொண்டு கால்பந்து ஆடிய அமெச்சூர்கள். காரணம் சொன்னால் கேட்டுக்கொள்ளும் மனநிலை அவர்களுக்கு இருந்தது. ‘நீங்கள் இங்கிலாந்துக்காக எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறீர்கள்?’ என்று அங்கே யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பலன் விரைவில் தெரிந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்வீடன் முதல் சுற்றில் ஆஸ்திரியாவை 3-0 என்றும், அடுத்து கொரியாவை 12-0 என்றும் வென்றது. லண்டனின் வெம்ப்லி மைதானத்தில் டென்மார்க்குக்கு எதிரான அரையிறுதியில் நிகழ்ந்த ஒரு கோல் இன்றும் பேசப்படுகிறது. ஸ்வீடனின் தாக்குதல் ஒன்று முறிந்து, பந்து திடீரென்று மீண்டும் அவர்களிடமே வந்தபோது, நூர்டால் ஆஃப்சைடு இடத்தில், அதாவது எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நிற்கக் கூடாத இடத்தில், மாட்டிக்கொண்டார். நடுவர் விசில் ஊதிவிடக் கூடாது என்பதற்காக அவர் ஓடிச் சென்று எதிரணியின் கோல் வலைக்குள்ளேயே புகுந்துகொண்டார். களத்துக்கு வெளியே இருப்பவர் ஆட்டத்தில் பங்குகொள்ளவில்லை என்பது கணக்கு. ஹென்றி கார்ல்சன் தலையால் முட்டிய பந்து வலைக்குள் வந்தபோது அதைக் கையில் பிடித்தவர் நூர்டால். கோல் செல்லுபடியானது. ஸ்வீடன் 4-2 என்று வென்றது. இறுதிப் போட்டியில் யுகோஸ்லாவியாவை 3-1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றார்கள். கிரேன் இரண்டு, நூர்டால் ஒன்று. அதே போட்டியில் மேட் பஸ்பி பயிற்சியளித்த பிரிட்டன் அணி, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் டென்மார்க்கிடம் 3-5 என்று தோற்று நான்காவது இடம் பெற்றது. அடுத்த ஆண்டு மே மாதம் ஸ்டாக்ஹோமுக்கு வந்த இங்கிலாந்தின் முழு அணியையும் ஸ்வீடன் 3-1 என்று தோற்கடித்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் ரேனரின் உண்மையான தகுதிக்குச் சான்று என்பேன். ஒலிம்பிக் தங்கத்தைக் கண்ட இத்தாலியக் கிளப்கள் ஸ்வீடனை நோக்கிப் பணப்பெட்டியோடு வந்தன. 1949இல் நூர்டால், கிரேன், லீட்ஹோம் மூவரும் ஏ.சி. மிலானுக்குப் போனார்கள், மூவரின் பெயர்களையும் சேர்த்து ‘கிரே-நோ-லி’ என்று இத்தாலிய ரசிகர்கள் அழைக்கத் தொடங்கினார்கள். நூர்டால் அங்கே ஐந்து பருவங்களில் லீகின் அதிக கோல் அடித்தவராக விளங்கினார். ஆனால் ஸ்வீடன் சங்கம் தொழில்முறை வீரர்களைத் தேசிய அணியில் சேர்ப்பதில்லை என்ற கொள்கையைக் கடைப்பிடித்தது. எனவே போனவர்கள் போனவர்கள்தான். ஒலிம்பிக்கில் வென்ற முன்வரிசை முழுவதும் கலைந்துபோன நிலையில், 1950 உலகக் கோப்பைக்காகப் புதிய அணி ஒன்றைத் தயாரிக்க வேண்டியிருந்தது.

அந்த அணி சாவோ பாவ்லோவில் நடப்பு உலக சாம்பியனான இத்தாலியை 3-2 என்று வென்றது. அதற்கு முந்தைய ஆண்டு சுப்பெர்காவில் நிகழ்ந்த விமான விபத்தில் தொரினோ அணி முழுவதையும் இத்தாலி இழந்திருந்தது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோதிய இறுதிச் சுற்றில் பிரேசில் ஸ்வீடனை 7-1 என்று நொறுக்கியது. அதெமிர் மட்டும் நான்கு கோல் அடித்தார். உருகுவேக்கு எதிராக இடைவேளையில் 2-1 என்று முன்னிலையில் இருந்தும் கடைசியில் 2-3 என்று தோற்றார்கள். ஸ்பெயினை 3-1 என்று வென்று மூன்றாவது இடத்தைப் பிடித்தார்கள். அதே உலகக் கோப்பையில்தான் இங்கிலாந்து அமெரிக்காவிடம் 0-1 என்று தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது. போட்டி முடிந்ததும் இத்தாலியர்கள் மறுபடியும் வந்தார்கள். யெப்சன், ஸ்கூக்லுண்ட் போன்றவர்கள் ஒவ்வொருவராகக் கைவிட்டுப் போனார்கள். ரேனர் மூன்றாவது முறையாக அணியைக் கட்டி, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றுத் தந்தார். நான்கு ஆண்டுகளில் மூன்று வேறு அணிகள், மூன்று பதக்க இடங்கள். நல்ல தலைமுறை ஒன்று தற்செயலாக வாய்த்தது என்ற வாதம் 1948க்குப் பொருந்தலாம். 1950, 1952 ஆகியவற்றுக்குப் பொருந்தாது.

ஹெல்சிங்கி அரையிறுதியில் ஹங்கேரி ஸ்வீடனை 6-0 என்று வென்றிருந்தது. புஷ்காஷ், கோச்சிஷ், ஹிடெக்குட்டி ஆகியோர் அடங்கிய அந்த அணியை அன்று உலகில் யாராலும் நிறுத்த முடியவில்லை. 1953 நவம்பர் 15 அன்று ரேனர் மறுபடியும் அவர்களை, அதுவும் புடாபெஸ்டில், சந்தித்தார். முதல் அணி என்று சொல்லத்தக்கவர்களில் பாதிப் பேர் இத்தாலியில் இருந்தார்கள். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலும் பெல்ஜியத்திடம் இடத்தை இழந்தாயிற்று. ஆனாலும் ஆட்டம் 2-2 என்று முடிந்தது. ஹங்கேரியின் ஆட்டத்தில் சாவி எங்கே இருக்கிறது என்பதை ரேனர் கண்டுகொண்டிருந்தார். ஹிடெக்குட்டி சென்டர் ஃபார்வர்டு (முன்வரிசையின் நடுவில் ஆடுபவர்) என்ற பெயரில் களமிறங்கினாலும் நடுகளம்வரை பின்வாங்கி நின்று ஆட்டத்தை இயக்குபவர். எதிரணியின் மையத் தடுப்பாட்டக்காரர் அவரைத் தொடர்ந்து முன்னால் வந்தால் பின்னால் இடைவெளி விழும். தன் இடத்திலேயே நின்றால் ஹிடெக்குட்டிக்கு யாரும் இல்லாத இடம் கிடைக்கும். ரேனரின் தீர்வு, அவரைத் தொடர்வதற்கென்றே தனியாக ஆள் வைப்பது, இரண்டாம் பாதியில் அந்தப் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றுவது.

சரியாகப் பத்து நாள் கழித்து, நவம்பர் 25 அன்று, அதே ஹங்கேரி வெம்ப்லிக்கு வந்தது. ஹிடெக்குட்டியைக் கட்டாயம் ஒருவர் தொடர வேண்டும் என்ற ரேனரின் கருத்து இங்கிலாந்துத் தரப்புக்குத் தெரியாததல்ல. ஆயினும் மையத் தடுப்பில் ஆடிய ஹாரி ஜான்ஸ்டன் தன் இடத்திலேயே நின்றார். ஹிடெக்குட்டி மூன்று கோல் போட்டு ஹாட்ரிக் அடித்தார். ஹங்கேரி 6-3 என்று வென்றது. ஆங்கிலக் கால்பந்தின் பெருமை உடைந்த நாள் என்று அதைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வியப்பளிப்பது, தோல்விக்குப் பிறகும் அந்தப் பிரச்சினைக்கு ஏற்கெனவே விடை கண்டிருந்த ஆங்கிலேயர் ஒருவரை அழைத்துப் பேசவேண்டும் என்று பெரிய கிளப் எதற்கும் தோன்றாமல் போனதுதான். (ஹங்கேரியர்களோ, தங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் லங்காஷயரைச் சேர்ந்த ஜிம்மி ஹோகன் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அவரும் இங்கிலாந்தில் மதிக்கப்படாத பயிற்சியாளர்தான்.)

1954இல் ரேனர் இத்தாலிக்குச் சென்று, ரோம் நகரின் லாட்சியோவில் சிறிது காலம் பணியாற்றினார். பணம் இருந்தது, பொறுமை இல்லை. அந்தக் கட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இங்கிலாந்துக்குத் திரும்பி, இத்தாலியில் புகழ்பெற்ற மற்றோர் ஆங்கிலேயரான ஜெஸ்ஸி கார்வரின் உதவியாளராகக் கவென்ட்ரி சிட்டியில் சேர்ந்தார். கவென்ட்ரி அப்போது மூன்றாம் டிவிஷன் தெற்கில் இருந்தது. சில மாதங்களில் கார்வர் இத்தாலிக்கே திரும்பிவிட, 1956 தொடக்கத்தில் ரேனர் மேனேஜரானார். அதே ஆண்டு கோடையில் இயக்குநர்கள் ஹாரி வாரனை மேனேஜராகக் கொண்டுவந்து, ரேனரைப் பயிற்சியாளர் நிலைக்கு இறக்கினார்கள். அவர் விலகினார். ஒலிம்பிக் தங்கமும் உலகக் கோப்பையில் மூன்றாம் இடமும் பெற்றுத் தந்தவருக்கு இங்கிலாந்து லீகில் கிடைத்த முதல் வாய்ப்பு இவ்வளவுதான்.

1958 உலகக் கோப்பையை நடத்தும் பொறுப்பு ஸ்வீடனுக்குக் கிடைத்திருந்ததால், சங்கம் ரேனரை மீண்டும் அழைத்தது. சொந்த மண்ணில் மானம் காக்க வேண்டும் என்ற எண்ணத்தில் தொழில்முறை வீரர்கள் மீதான தடையும் தேசிய அணியைப் பொறுத்தவரை தளர்த்தப்பட்டது. மிலானிலிருந்து லீட்ஹோம், இன்டர் கிளப்பிலிருந்து ஸ்கூக்லுண்ட், இத்தாலியில் ஆடிய ஹம்ரின், குஸ்தாவ்சன் ஆகியோர் வந்தார்கள். கிரேன் ஏற்கெனவே நாடு திரும்பியிருந்தார். கிரேனுக்கு வயது 37, கேப்டன் லீட்ஹோமுக்கு 35. இந்த வயதில் இருவரும் நடுகளத்தில் ஓடித் தாக்குப்பிடிப்பார்களா என்று ஸ்வீடனிலேயே பலர் ஐயுற்றார்கள். ரேனர் அவர்களை ஓட வைக்கவில்லை. பந்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு, விங்குகளில் ஹம்ரினையும் ஸ்கூக்லுண்டையும் ஓடவிட்டார். நடுவில் உள்ளூர் லீகில் ஆடிய இளைஞர் அக்னே சிமோன்சன் இருந்தார்.

மெக்சிகோவை 3-0 என்றும் ஹங்கேரியை 2-1 என்றும் வென்று, வேல்ஸுடன் கோலில்லாமல் சமன்செய்து, காலிறுதியில் சோவியத் அணியை 2-0 என்று வென்றார்கள். அதிர்ஷ்டத்தின் பங்கையும் சொல்லியாக வேண்டும்: சோவியத் அணி இரண்டு நாளுக்கு முன்புதான் இங்கிலாந்துடன் கூடுதல் ஆட்டம் ஒன்றை ஆடிக் களைத்து வந்திருந்தது, ஸ்வீடனோ அதுவரை ஸ்டாக்ஹோமை விட்டு நகரவே இல்லை. யோத்தபோரியில் நடந்த அரையிறுதியில் நடப்புச் சாம்பியனான மேற்கு ஜெர்மனி முதலில் கோல் அடித்தது. பின்னர் அதன் யுஸ்கோவியாக் வெளியேற்றப்பட்டு, ஃபிரிட்ஸ் வால்டரும் காயமடைந்த நிலையில், கடைசிப் பத்து நிமிடத்தில் கிரேனும் ஹம்ரினும் அடித்த கோல்களால் ஸ்வீடன் 3-1 என்று வென்றது.

பிரேசிலுக்கு எதிரான இறுதிப் போட்டி ஜூன் 29 அன்று ரோசுண்டா மைதானத்தில் நடந்தது. முதல் கோலை வாங்கிவிட்டால் பிரேசில் பதறிப்போகும் என்று ரேனர் ஆட்டத்துக்கு முன் கணித்திருந்தார். 1950ஆம் ஆண்டின் கடைசி ஆட்டத்தில் பிரேசில் தன் மண்ணிலேயே உருகுவேயிடம் நிலைகுலைந்ததை மனத்தில் வைத்துப் பார்த்தால் அது முட்டாள்தனமான கணிப்பு அல்ல. நான்காவது நிமிடத்தில் லீட்ஹோம் அந்த முதல் கோலை அடிக்கவும் செய்தார். ஆனால் பிரேசிலின் திதி வலையிலிருந்து பந்தை எடுத்துக் கையில் இடுக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடுவட்டத்துக்கு நடந்து வந்தார். பதற்றம் வரவில்லை. வலது விங்கில் கரிஞ்சாவைத் தடுக்க முடியாமல் ஸ்வீடனின் இடதுபுறத் தடுப்பு இரண்டு முறை ஒரே மாதிரி பிளந்தது. இரண்டு முறையும் வாவா கோலடித்தார். பதினேழு வயது பெலே இரண்டும் ஜகாலோ ஒன்றும் சேர்க்க, ஆட்டம் 5-2 என்று முடிந்தது. ரேனரின் கணிப்பு 1950ஆம் ஆண்டின் பிரேசிலைப் பற்றியது. எதிரே நின்றது வேறு அணி. ஆயினும் ஆடவர் உலகக் கோப்பை வரலாற்றில் ஓர் அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுசென்ற ஆங்கிலேயர்கள் இன்றுவரை இருவரே: 1966இல் ஆல்ஃப் ராம்சே, அவருக்கு எட்டு ஆண்டு முன்பே ரேனர்.

ஸ்வீடன் அரசு அவருக்கு வாசா விருதளித்துச் சிறப்பித்தது. இங்கிலாந்துக்குத் திரும்பிய அவருக்குக் கிடைத்த வேலை, லிங்கன்ஷயர் கடற்கரையில் உள்ள ஸ்கெக்னஸ் டவுன் என்ற, லீக் அமைப்புக்கே வெளியிலிருந்த சிறு கிளப்பின் மேனேஜர் பதவி. வருமானம் போதாமல், அவ்வூரில் உள்ள பட்லின்ஸ் விடுமுறை முகாமின் சரக்கு அறையிலும் அவர் வேலைபார்த்தார். 1959 அக்டோபரில் ஸ்வீடன் அணியுடன் வெம்ப்லிக்கு வந்து இங்கிலாந்தை 3-2 என்று வென்றபோதும் அவர் ஸ்கெக்னஸ்காரர்தான். அந்த மைதானத்தில் இங்கிலாந்தை வென்ற வெளிநாட்டு அணிகளில் அது ஹங்கேரிக்கு அடுத்த இரண்டாவது. இதைத் தன் சொந்த நாட்டுக்காகச் செய்யவே விரும்பியிருப்பேன் என்று அப்போது அவர் மனந்திறந்து சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

இனி ‘ஏன்’ என்ற கேள்விக்கு வருவோம். பயிற்சி என்பதையே ஆங்கிலக் கால்பந்து நம்பவில்லை என்பது முதல் காரணம். இதைப் பலரும் எழுதியிருப்பதால் நான் நீட்டவில்லை. தேசிய அணியின் பொறுப்பில் இருந்த வால்டர் விண்டர்பாட்டமையே பழைய ஆட்டக்காரர்கள் பள்ளிக்கூட வாத்தியார் என்று ஏளனமாகப் பார்த்த காலம் அது. இரண்டாவது, கிளப் இயக்குநர்கள் மேனேஜரைத் தேடும்போது முதலில் பார்த்தது அவர் ஆடிய காலத்துப் பெயரை. நுழைவுச்சீட்டு விற்க, உள்ளூர்ப் பத்திரிகையை மகிழ்விக்க, வீரர்களை அடக்கிவைக்க, இங்கிலாந்துக்காக ஆடிய ஒருவர் உதவுவார் என்பது அவர்களுடைய கணக்கு. பெரும்பாலும் மூன்றாம் டிவிஷனில் கிளப் கிளப்பாக மாறியவரின் பெயரால் அதில் எதுவும் நடக்காது.

மூன்றாவது காரணத்தை ரேனரின் ஆதரவாளர்கள் பொதுவாகத் தவிர்த்துவிடுகிறார்கள். அவருடைய திறமை குறிப்பிட்ட சூழலுக்கு உரியது. தேர்வு, ஒப்பந்தம், பணம் ஆகியவற்றை வேறொருவர் கவனித்துக்கொள்ள, சில வாரம் கையில் கிடைக்கும் வீரர்களுக்கு ஒரு குறிப்பிட்ட எதிரணியை மனத்தில் வைத்து ஆட்டத்தைக் கற்றுத்தருவதில் அவர் தேர்ந்தவர். வாராவாரம் ஆடி, சேற்றில் புரண்டு, காயம்பட்டவர்களை வைத்துக்கொண்டு நாற்பதுக்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்களைக் கடத்தும் மேனேஜர் வேலை வேறு வகையானது. லாட்சியோவும் கவென்ட்ரியும் மட்டுமல்ல, 1967இல் டான்காஸ்டர் ரோவர்ஸ் அவருக்குத் தந்த வாய்ப்பும் விரைவிலேயே பதவி நீக்கத்தில்தான் முடிந்தது. ஆகவே முதல் டிவிஷன் கிளப் ஒன்று அவரை மேனேஜராக்கியிருந்தால் வென்றிருப்பாரா என்று என்னைக் கேட்டால், உறுதியாக ஆம் என்று சொல்ல மாட்டேன். இங்கிலாந்து செய்திருக்க வேண்டியது, கொக்குக்குப் பக்கத்தில் அவர் இருந்ததைப் போல விண்டர்பாட்டமுக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்திருப்பது. அப்படி ஒரு பதவி அங்கே இல்லை என்பது மட்டுமல்ல, அது தேவை என்றே யாரும் நினைக்கவில்லை. ரேனர் 1985 நவம்பரில் காலமானார்.

நிலை பிறகு மாறியதா என்றால், பாதை மாறவில்லை, பலன் ஓரளவு மாறியது. 1974இல் மால்மோவுக்குச் சென்ற பாப் ஹௌட்டன் (பின்னாளில் இந்திய அணிக்கும் பயிற்சியளித்தவர்) அந்தக் கிளப்பை 1979இல் ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டிவரை கொண்டுசென்றார். ஆட்டக்காரராக அவரை யாருக்கும் தெரியாது. அவருடைய பரிந்துரையில் ஹால்ம்ஸ்டாட்டுக்கு வந்த ராய் ஹாட்ஜ்சன், லீக் அமைப்புக்கு வெளியிலிருந்த சிறு கிளப்களில் ஆடியவர். கீழே இறங்கிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்த அணியை அவர் 1976இல் ஸ்வீடன் சாம்பியனாக்கினார்; சுவிட்சர்லாந்தை 1994 உலகக் கோப்பைக்குக் கொண்டுசென்றார்; 2012இல் இங்கிலாந்தின் மேனேஜரானார். ஸ்வீடனில் முதல் வெற்றி பெற்றதற்கும் அந்தப் பதவி கிடைத்ததற்கும் இடையே முப்பத்தாறு ஆண்டு. கிளப் கிளப்பாக மாறிய இன்னோர் ஆட்டக்காரரான கிரஹாம் பாட்டர், 2011இல் நான்காம் நிலை லீகிலிருந்த ஓஸ்தர்சுண்ட் கிளப்பை ஏற்று, ஸ்வீடன் கோப்பையை வென்று, 2018இல் ஆர்சனலை அதன் மைதானத்திலேயே 2-1 என்று தோற்கடித்தார். அதே ஆண்டு இங்கிலாந்தின் லீக் அமைப்பில் ஆடும் வேல்ஸ் கிளப்பான ஸ்வான்சி சிட்டி அவரை எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே அவர் பிரிமியர் லீகில் பிரைட்டனின் பொறுப்பை ஏற்றார்.